செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள்

குளச்சலில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். வள்ளத்திலிருந்து இறக்கிய சாளையும் அயலையும் குவிந்து கிடக்க, ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். கூட்டத்துக்குள் என் அம்மா குனிந்து ஒரு மீனை எடுப்பாள். பெருவிரலால் செவுளைத் தூக்குவாள். சிவப்பாக இருக்கிறதா, மங்கிவிட்டதா என்று பார்ப்பாள். வயிற்றை அழுத்தி, அமுங்கிய இடம் உடனே எழும்புகிறதா என்று கவனிப்பாள். கண் தெளிந்திருக்கிறதா, குழிந்துவிட்டதா என்று பார்ப்பாள். கடைசியாக மூக்கருகே கொண்டுபோவாள். "இப்ப கரைக்கு வந்த மீனாக்கும், அதுல என்னத்தப் பாக்க?" என்று ஏலக்காரர் சத்தம் போடுவார். அம்மா பதில் சொல்ல மாட்டாள். அடுத்த குவியலிலும் ஒன்றை எடுத்துப் பார்ப்பாள்.

நாற்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அவள் சந்தேகப்படுவதை யாரும் தன் மரியாதைக்குக் குறைவாக எடுத்துக்கொண்டதில்லை. செவுளைப் பார்க்காமல் வாங்குகிறவளைத்தான் கடப்புறத்தில் விவரம் கெட்டவள் என்பார்கள். அம்மாவின் இந்தப் பழக்கத்தின் மதிப்பு எனக்குப் புரிய, என் வண்டியின் பிரேக் டிஸ்க் ஒன்று கோணலாக உட்கார வேண்டியிருந்தது.

என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. ஒன்றேகால் டன் ஏற்றலாம். கடனில் வாங்கியது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். வண்டி என் பெயரில், ஓட்டுவதும் நான்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரின் மீன் கூடைகளைக் குளச்சலில் ஏற்றி, திங்கள்சந்தை, தக்கலை, அழகியமண்டபம் வழியாகக் குலசேகரம் வரை கொண்டுபோய் அவரவர் சந்தையில் இறக்குவேன். முன்னிருக்கையில் அம்மா. மற்றவர்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

கூடை ஒரு வழியிலும் ஆள் ஒரு வழியிலும் போவதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் ஆனது. அதே ஆண்டு டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு முதிய பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று ஆத்திரத்தோடு நியாயம் கேட்ட வீடியோவை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். பணியில் இருந்தவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் கூடையோடு பஸ்ஸில் ஏறும்போது உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளுமே, அந்தச் சுருக்கம் எங்கள் பெண்களுக்கு அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை, அன்றைக்கு முடிந்ததும் இல்லை. காலி கூடைக்கே இந்தப் பாடு என்றால் நிறைந்த கூடையை யார் ஏற்றுவார்கள்? வண்டி வாங்கும் யோசனை எனக்கு அந்த வருடத்தில்தான் வந்தது.

உப்பில் ஓடும் வண்டிக்கு ஆயுள் குறைவு. இறங்குதளத்தில் ஐஸ் உருகிய தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து குட்டையாக நிற்கும். அதில் சக்கரம் முங்கி நிற்க நாங்கள் கூடை ஏற்றுவோம். மேலே கடல்காற்று. என் வண்டிக்குப் பின்சக்கரத்தில் டிரம், முன்சக்கரத்தில் டிஸ்க். நம் சாலைகளில் ஓடும் பெரிய லாரிகள் பெரும்பாலானவற்றில் டிரம் பிரேக்தான். சின்னச் சரக்கு வண்டிகளில்தான் முன்பக்கம் டிஸ்க் வைத்திருப்பார்கள். டிஸ்க் என்பது வார்ப்பிரும்பில் செய்த தட்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெடலை மிதித்தால் காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேட்கள் இரண்டு பக்கமும் அதைக் கவ்வும். கழுவி நிறுத்திய வண்டியில் ஒரே ராத்திரியில் அந்தத் தட்டின் மேல் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். மேலே பூப்பது காலையில் முதல் இரண்டு பிரேக்கில் தேய்ந்து போய்விடும். உள்ளே, பேட் தொடாத இடத்தில் பிடிப்பதுதான் ஆபத்து.

போன மழைக்காலத்துக்கு முன்பு முன்சக்கர டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதற்குக் கீழே தேயக் கூடாது என்று ஒரு அளவு உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போய்விட்டதால் கடைந்து சமப்படுத்தவும் வழியில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். புது டிஸ்க் இரண்டு, புது பேட் செட். ஒரு மாதத் தவணையை விழுங்கும் பில். காலையில் விட்ட வண்டியை மத்தியானத்துக்குள் கையில் தந்துவிட்டார்கள். நான்கு வண்டிகள் பின்னால் வரிசையில் நின்றன.

மறுநாள் வில்லுக்குறி தாண்டும்போது அம்மா சொன்னாள். "மக்களே, வண்டி விக்குது."

"என்னதும்மா?"

"நீ பிரேக்குல கால வைக்கும்போ வண்டி விக்குது. பிள்ளைக்கு விக்கல் எடுக்குமே, அதுமாதிரி."

எனக்கும் காலில் தெரிந்தது. பெடல் உள்ளங்காலுக்குள் துடித்தது. ஸ்டியரிங் லேசாக இடமும் வலமும் ஆடியது. ஆனால் நான் அம்மாவிடம் சொன்னது இது: "புது சாமான்லாம்மா, அப்பிடித்தான் இருக்கும். பழகிரும். நீ சும்மா இரி."

ஒர்க்‌ஷாப்காரர் எனக்குச் சொல்லப்போகும் பதிலை, அவர் சொல்வதற்கு முன்பே நான் என் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். அளவியல் லேபில் மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் பிடித்துப் பழகியவள். கல்யாணத்துக்குப் பிறகு பதினான்கு வருடம் அந்தக் கையால் அவற்றைத் தொடவில்லை. படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எதை மறந்தாலும், அம்மா சொல்வதைத் தட்டிவிடும் அளவுக்குப் படித்தவள் என்ற நினைப்பு மட்டும் மறக்கவில்லை.

நான்காம் நாள் மழை. வேர்க்கிளம்பி தாண்டி ஒரு வளைந்த இறக்கம். கீழே டீக்கடை ஓரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். பெடலை மிதித்தேன். வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடிக்கவில்லை. கால் இன்னும் கீழே போனது. மறுபடி மிதித்தேன். பிடித்தது. வண்டி உதறிக்கொண்டு நின்றபோது முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணின் குடை என் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்." அம்மா கூடைத்துணியை இறுக்கிப் பிடித்தபடி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அவள் சொல்ல வேண்டியதை மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டாள்.

அன்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். "புது டிஸ்க்காக்கும் எக்கா. பேட் படியணும். ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும்."

"பெடல் துடிக்குது அண்ணாச்சி. இன்னைக்கு கால் கீழயும் போச்சு."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். ரோட்டில் அப்போது நெரிசல். முப்பதுக்கு மேல் போயிருக்க முடியாது. "எனக்கொண்ணும் தெரியல்லியே. நீங்க பிரேக்குல கால வச்சிட்டே ஓட்டுவியளா இருக்கும். லேடீஸ் ஓட்டுனா அது உண்டு." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "வீட்டுல ஆம்பிளையாளு ஆராவது உண்டுண்ணா வரச் சொல்லுங்கோ. நான் சொல்லிக் குடுக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னதில் பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கோடு படிய நிஜமாகவே கொஞ்ச தூரம் ஓட வேண்டும். பெண்களிடம் சொல்லப்படுகிற சமாதானங்கள் பெரும்பாலும் இப்படிப் பாதி உண்மையாகத்தான் இருக்கின்றன. அதனால்தான் அவற்றை மறுத்துப் பேச நமக்கு வாய் வருவதில்லை. முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு விடாமல் முதுகு வலித்தபோது, "எல்லாருக்கும் இருக்கதுதான்" என்றார்கள். எல்லாருக்கும் இருக்கிறது என்பது உண்மை. எனக்கு வலிக்கிறது என்பதற்கு அது பதில் இல்லை. பழகும், படியும், போகப் போகச் சரியாகும் என்பதெல்லாம் புகுந்த வீட்டைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லப்பட்டவை. எதைப் பழகிக்கொள்ளலாம், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று பிரித்தறிய மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை.

நாகர்கோவிலுக்குப் போய் ஒரு டயல் கேஜும், அதைப் பிடித்து நிறுத்தக் காந்த ஸ்டாண்டும் வாங்கினேன். பெரிய விலை இல்லை. டப்பாவைத் திறந்ததும் கை நடுங்கியது. கடிகாரம் போன்ற முகம். முள் ஒரு கோடு நகர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே அந்த முகத்தில் ஐந்து முதல் பத்துக் கோடு வரை காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். சமதளம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டு கொடுத்தேன். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரையும் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது. பிறகு சக்கரம் இல்லாமலேயே வீல் நட்களை வாஷர் வைத்து மாட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினேன். அப்போதுதான் ஓடும்போது எப்படி உட்கார்ந்திருக்குமோ அப்படி உட்கார்ந்திருக்கும். ஸ்டாண்டின் காந்தத்தை அசையாத பாகத்தில் ஒட்டி, கேஜின் முனை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே, முகத்தில் செங்குத்தாகப் படும்படி வைத்தேன். முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினேன்.

தட்டைச் சுற்ற ஒரு ஆள் வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பைய சுத்தும்மா. கூடைய அசைக்காம மீன எடுப்பியே, அதுமாதிரி."

அவள் சுற்றினாள். முள் ஏறியது. நின்றது. இறங்கியது. சுழியத்தைத் தாண்டி மறுபக்கம் போனது. கண்ணாடி போடாமலேயே அம்மா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப ஏறுது. இப்ப எறங்குது. பாத்தியா, விக்கல்." மூன்று சுற்றிலும் அதே இடத்தில் ஏறி அதே இடத்தில் இறங்கியது. மொத்த ஆட்டம் 0.21 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி இந்த வரம்பு மாறும். பல வண்டிகளின் கையேடுகள் 0.05 முதல் 0.10 வரைதான் அனுமதிக்கின்றன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு மூன்று முடித் தடிமன். அதை அம்மாவின் உடம்பு முதல் நாளே சொல்லிவிட்டது. நான் நம்புவதற்கு ஒரு முள் தேவைப்பட்டது.

காரணத்தைத் தேட வேண்டும். முள் உச்சிக்கு வந்த இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் ஒரே நேராகக் கோடு போட்டேன். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி சுற்றச் சொன்னேன். உச்சி டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்து போனால் டிஸ்க் கோணல். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் கோளாறு ஹப்பில். ஹப்பிலேயே நின்றது. மறுபடி கழற்றி டார்ச் அடித்தேன். டிஸ்க்கின் முதுகு வந்து உட்காரும் ஹப்பின் முகத்தில், ஒரு ஓரமாக, பழைய துரு பொருக்குத் தட்டிப் போயிருந்தது. புதுத் தட்டை அந்தப் பொருக்கின் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு காலடியில் கல் கிடந்தால் மேசை சாயும் அல்லவா, அவ்வளவுதான். ஹப் சிறியது, டிஸ்க் அகலமானது. ஹப்பில் ஒரு பங்கு தூக்கல் டிஸ்க்கின் விளிம்பில் இரண்டு பங்கு ஆட்டமாகும்.

இறக்கத்தில் என் கால் கீழே போனதற்கும் இதுவே காரணம். கோணலாகச் சுற்றும் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் பேட்களை இடித்து இடித்துப் பின்னால் தள்ளிவிடும். அப்புறம் மிதிக்கும்போது பெடலின் முதல் பாதி, பேட்களைத் திரும்ப டிஸ்க்குக்குக் கொண்டுவருவதிலேயே செலவாகிப் போகும். பிறகுதான் பிடிக்கும். மழையில் ஒரு குழந்தையின் குடைக்கும் என் பம்பருக்கும் நடுவில் இருந்தது அந்தப் பாதிதான்.

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு ஹப்பின் முகத்தைப் பளபளவென்று தேய்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. துணியால் துடைத்து, டிஸ்க்கை மாட்டி, அம்மாவைச் சுற்றச் சொன்னேன். 0.04. மறுபக்கச் சக்கரத்திலும் அதே வேலை. மாட்டும்போது வீல் நட்களை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் முதலில் இழுத்தால் தட்டு மறுபடி கோணும். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்தேன். காலிப்பரைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் மிதி தரையைத் தொடும். அதைச் செய்யாமல் கிளப்பினால் முதல் பிரேக்கே இருக்காது. இந்த ஒன்றை மட்டும் எந்தப் பெண்ணும் மறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்கிறேன்.

அன்று இரவு எனக்கு பெர்தா பென்ஸின் ஞாபகம் வந்தது. மோட்டார் காருக்கு 1886இல் உரிமம் வாங்கியவர் கார்ல் பென்ஸ் என்று எங்கள் பாடத்தில் இருந்தது. அவர் மனைவி பெர்தா, திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை அவர் தொழிலில் போட்டவர். 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டர் சொச்சம். அதுவரை அத்தனை தூரம் யாரும் மோட்டார் வண்டி ஓட்டியதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கினார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிக்காமல் போயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகளின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பேட்டுக்கும் லைனிங்குக்கும் பாட்டி அந்தத் தோல்தான்.

வண்டியை உண்டாக்கியவருக்குத் தெரியாத குறை, அதில் இறக்கம் இறங்கியவளுக்குத் தெரிந்தது. பெர்தாவை 'துணிச்சலான மனைவி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அவர் சோதனைப் பொறியாளர். சரிபார்க்கிற வேலைக்கு நம் ஊரில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. பால் புளித்ததா என்று மோந்து பார்ப்பதும், பிள்ளையின் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்ப்பதும், படுக்கப் போகும் முன் கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் நாள் முழுக்கப் பெண்கள் செய்கிற சரிபார்ப்புகள். அதையே வாசலுக்கு வெளியே, ஓர் ஆண் முடித்துக்கொடுத்த வேலையின் மேல் செய்தால் அதற்குப் பெயர் சந்தேகப்புத்தி.

திங்கட்கிழமை அந்தத் துருப்பொருக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். உரிமையாளர் காகிதத்தைப் பார்த்தார், கேஜைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீங்க படிச்சவியளாக்கும். மத்தப் பொம்பளையளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது."

அது பாராட்டு என்று அவர் நினைத்தார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளத்தான் நான் ஒரு காலத்தில் டிப்ளமோ படித்தேன் போலிருக்கிறது. "மொதல்ல கண்டுபிடிச்சது எங்க அம்மை. அவளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனுக்குப் பதில் சொல்லப் போய்விட்டார்.

போகும்போது அங்கே வேலை பழகும் பையன் பின்னால் வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. "எக்கா, அந்த டிஸ்க்க மாட்டுனது நாந்தான். ஹப்பு தேய்க்கணும்ணு எனக்குத் தெரியும். நிண்ணு தேய்ச்சா வண்டி வெளிய போவாதுண்ணு ஏசுவாவ" என்றான். பிறகு தயங்கி, "அந்த கேஜுல எப்பிடிப் பாக்கது?" என்று கேட்டான். வண்டியின் பானெட் மேல் வைத்துக் காட்டிக்கொடுத்தேன். என் கோபத்துக்கு அதற்குப் பிறகு சரியான முகவரி கிடைக்கவில்லை. தேய்க்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு பில்லில் இடமில்லை. வேலையின் கண்ணுக்குத் தெரியாத பாதியைச் செய்கிறவருக்குக் கூலி இல்லை என்பது எங்கள் அடுக்களையில் மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைத்திருந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் டயல் கேஜ் இருக்காது. வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்கூட்டரோ காரோ சரக்கு வண்டியோ, பிரேக் வேலை முடிந்து வண்டி கைக்கு வரும்போது சிலதைக் கேட்கலாம். கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாற்றினால் ஹப்பின் முகத்தைத் தேய்த்தீர்களா என்று, மாட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கேள்வி கேட்கிற ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். கார், சரக்கு வண்டி என்றால் சக்கரத்தைத் தூக்கிய நிலையில் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேட் லேசாக உரசுவது இயல்பு. ஆனால் சுற்று முழுக்க ஒரே சீராக உரச வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'சர்க்' என்று வந்தால் அதுதான் கோணல். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். துடிப்பு வருகிற வேகத்தில், வருகிற ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், கருகிய வாடை வந்தால், உடனே திரும்பிப் போங்கள். காலில் என்ன தெரிந்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த வேகம், எந்த இடம், பெடலா, ஸ்டியரிங்கா. 'என்னமோ மாதிரி இருக்கு' என்று சொன்னால் சிரிப்பார்கள். 'ஐம்பதில் மிதித்தால் பெடல் துடிக்கிறது, இருபதில் இல்லை' என்று சொன்னால் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1993இல் நாகர்கோவிலில் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் வசந்தகுமாரி ஏறி உட்கார்ந்தார். ஆசியாவிலேயே முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. பின்னாளில் டெல்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரி டயர்களைக் கழற்றி மாட்டும் சாந்தி தேவியைப் பற்றியும் எழுதினார்கள். முதல் பெண், முதல் பெண் என்று எழுதுவது நமக்குப் பிடிக்கிறது. எனக்கு இப்போது வேறொரு ஆசை. முதல் ஆளாக இல்லாத பெண்கள், எந்தச் சாதனையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில், ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று 'சக்கரத்தச் சுத்திக் காட்டுங்க அண்ணாச்சி' என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் கோபப்படாமல் சுற்றிக் காட்ட வேண்டும்.

நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் அப்படி வார்த்தையால் கேட்கிற வழக்கம் கிடையாது. அடுத்த நாள் அதே மழை, வேர்க்கிளம்பி தாண்டி அதே இறக்கம். டீக்கடைக்கு மேலேயே பெடலை அழுத்தினேன். வண்டி ஒரே சீராக வேகம் குறைந்தது. பக்கத்தில் அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் டேஷ்போர்டின் மேல் விரித்து வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். இறக்கம் முடியும்வரை கையை எடுக்கவில்லை.

"எப்பிடிம்மா?" என்று கேட்டேன்.

"இன்னொரு எறக்கம் வரட்டும்" என்றாள். "பாத்துட்டுச் சொல்லுகேன்."